கரிசலில் ஒரு முட்டைப்பழ மரம்

குற்றாலத்துக்குப் போகிறவர்கள் குளித்துவிட்டு வருவார்கள். என் வீட்டுக்காரர் எதையாவது வாங்கிவிட்டு வருவார். அந்த வருஷம் சாரல் சுமார்தான், அருவியில் தண்ணீர் நூல் நூலாக விழுந்தது. வரிசைக்கு மட்டும் குறைவில்லை. நான் பெண்கள் பக்கம் நின்று ஒருவழியாகத் தலையை நனைத்துக்கொண்டு வெளியே வந்தபோது, அவர் உச்சி முதல் உள்ளங்கால் வரை காய்ந்துபோய், பழக்கடை ஓரத்தில் கறுப்புப் பையில் ஒரு செடியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். முகத்தில் பிள்ளை பெற்ற தகப்பனின் பெருமை.

"முட்டைப்பழம். ஒட்டுச் செடியாம். மூணே வருசத்துல காய்க்குமாம்," என்றார்.

"எங்கன வைக்கப் போறீங்க? கடை மொட்டை மாடியிலயா?"

"ஒங்க காட்டுல வைப்போம்."

அவர் கோவில்பட்டி பஜாரில் இரும்புக் கடை வைத்திருப்பவர். ஆணி எத்தனை அங்குலம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். செடி என்றால் அவருக்குத் தெரிந்தது கடைச் சாமி படத்துக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் ரோஜா மட்டும்தான்.

காடு என்றதும் யானை, புலி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எங்கள் பக்கத்தில் மழையை நம்பிக் கிடக்கும் கரிசல் நிலத்துக்குக் காடு என்று பெயர். அதில் மரம் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் கிடையாது. எப்போதும்வென்றான் என்ற ஊருக்குப் போகிற வழியில் இருக்கும் என் ஒன்றரை ஏக்கர் காட்டில் அன்றைக்கு ஒரு மரம்கூட இல்லை.

அப்பா சாகும்போது காட்டை இரண்டாகப் பிரித்து, மேற்குப் பாதியை அண்ணனுக்கும் கிழக்குப் பாதியை எனக்கும் எழுதிவைத்தார். அண்ணன் கெட்டிக்காரன். தன் பாதியைச் சோலார் கம்பெனிக்குக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டான். அவன் ஆயுசுக்குள் திரும்பி வராத குத்தகை. சுற்றியிருந்தவர்களும் கொடுத்தார்கள். கம்பி வேலி வந்தது, வேலிக்குள் வரிசை வரிசையாகக் கண்ணாடித் தகடுகள் வந்தன. நடுவில் என் காடு மட்டும் பல் விழுந்த இடம் போலக் கிடந்தது.

ஒவ்வொரு சித்திரையிலும் அண்ணன் ஒரு காகிதத்தோடு வீட்டுக்கு வருவான். நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி வரைந்திருக்கும். ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிற எனக்குப் பெருக்கல் குறி தெரியாமல் போய்விடும் என்று பயமோ என்னவோ, அதை விரலால் வேறு தொட்டுக் காட்டுவான்.

"அந்தக் காட்ட வச்சுக்கிட்டு நீ என்னத்தக் கண்ட? பேருக்கு உளுந்து வெதைக்க, பேருக்கு அறுக்க. பாதி மயிலு திங்கு, மீதிய பன்னி திங்கு," என்பான்.

அவன் சொன்னது பொய் இல்லை. ஆனாலும் நான் போடவில்லை. காரணம் கேட்பவர்களிடம் மண் பாசம் அது இதென்று அளப்பேன். உண்மைக் காரணம் வேறு. வீடு அவர் பெயரில், கடை அவர் பெயரில், நான் ஓட்டும் ஸ்கூட்டர்கூட அவர் பெயரில்தான் இருக்கிறது. என் பெயர் போட்ட பட்டா என்று இந்த உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அதையும் வேலிக்குள் விட்டுவிட்டால், என் பெயர் பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருக்கும். அதுவும் ஓய்வு பெறும் வரைக்கும்.

செடி வந்த வருஷம், சித்திரையில் கிடைக்காத கையெழுத்துக்காக ஆடியிலும் வந்த அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. "சரிட்டி. அந்தக் காட்டுல எதையாவது ஒண்ண புதுசா வெளைய வச்சு என் கையில தா. ஒண்ணே ஒண்ணு போதும், மூணு வருசம் தாரேன். அதுக்குப் பெறகு நான் இந்தக் காயிதத்தத் தூக்கிக்கிட்டு வந்தா என்னன்னு கேளு. முடியலன்னா நீயே கையெழுத்தப் போட்டுக் கொடுத்துரணும்," என்றான்.

நானும் ரோஷத்தில் சரி என்று சொல்லிவிட்டேன். வாசலில் அந்த முட்டைப்பழச் செடி, தன்னைப் பணயம் வைத்தது தெரியாமல், காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

முட்டைப்பழத்தைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. பெரிய எலுமிச்சை அளவில் நுனி கூராக இருக்கும், பழுத்தால் மஞ்சள் தோல். பிட்டால் உள்ளே அவித்த முட்டையின் மஞ்சள் கருவேதான், நிறத்திலும் சரி, வாயில் மாவாக ஒட்டுவதிலும் சரி. இனிப்பு உண்டு. சாறு என்று ஒரு சொட்டுக் கிடையாது. பழம் என்றால் தாகம் தீர வேண்டும் என்பது ஊர் நியாயம். இதைத் தின்றால் தாகம் எடுக்கும். எங்கள் சீமைக்கு இதைவிடப் பொருத்தமான பழம் கிடைக்காது என்று நானே சொல்லிச் சிரித்துக்கொண்டேன்.

குற்றாலத்துச் செடிக்காரர் போனில் சொன்ன விதிகள் கொஞ்சம்தான். நல்ல வெயில் வேண்டும், எந்த மண்ணிலும் ஓரளவு வரும், கொஞ்ச நாள் காய்ந்தாலும் தாங்கும். "தண்ணி மட்டும் தேங்கக் கூடாதும்மா," என்றார். நானும் வீட்டுக்காரரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். தண்ணீர் தேங்குவதாம், அதுவும் எங்கள் ஊரில். போனை வைத்த பிறகு அவர் வெகுநேரம் சிரித்தார்.

கரிசலில் மரம் வராது, செம்மண் கொட்டினால்தான் வரும் என்பதில் எங்கள் ஊரில் இரண்டு கருத்து கிடையாது. எனவே மூன்றடிக்கு மூன்றடி, ஆழமும் மூன்றடி என்று நானே அளந்து குழி வெட்டச் சொன்னேன். கயத்தாறு பக்கமிருந்து ஒரு டிராக்டர் செம்மண் வந்து இறங்கியது. கறுப்புக் காட்டுக்கு நடுவில் சிவப்பாக ஒரு சதுரம், அதன் நட்டநடுவில் செடி. கோலம் போட்டது மாதிரி அழகாகத்தான் இருந்தது. நான்கு புறமும் நின்று போட்டோ எடுத்துக்கொண்டோம்.

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. கரிசலுக்கு ஒரு குணம் உண்டு. கோடையில் கால் நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும், ஈரம் பட்டால் உப்பி இறுகிவிடும், பிறகு சொட்டுத் தண்ணீர் இறங்காது. செம்மண்ணோ வந்த தண்ணீரையெல்லாம் வா வா என்று வாங்கியது. வாங்கியது வெளியே போக வழியில்லை. நான் அளந்து வெட்டிய குழி அளவு பிசகாத தண்ணீர்த் தொட்டியாகிவிட்டது. பாதை சேறு காய்ந்து நான் போய்ச் சேர்வதற்குள் இலையெல்லாம் தொங்கிப்போய், வேர் அழுகி, செடி கையோடு வந்துவிட்டது.

அண்ணனுக்கு இந்தச் செய்தி எப்படித்தான் போனதோ. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மறுநாள் காலை ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர் வந்தது. நடுவில் மாலை போட்ட செடியின் படம். கீழே, "நீரில் மூழ்கி இயற்கை எய்தியது. தண்ணீர் இல்லாத சீமையில் தண்ணீரால் செத்த முதல் மரம். துக்கத்தில் வாடும் டீச்சர் குடும்பத்தினர்." சென்னையில் இருக்கிற சித்தப்பா மகன் வரை கைகூப்பும் படம் போட்டான். என் வீட்டுக்காரரும் போட்டிருந்தார், பழக்க தோஷம்.

அடுத்த விடுமுறையில் நான் தனியாகப் பஸ் ஏறிக் குற்றாலம் போய், அருவிப் பக்கமே திரும்பாமல், இன்னொரு செடி வாங்கிக்கொண்டு வந்தேன். இந்தத் தடவை குழியே வெட்டவில்லை. கரிசலையே கொத்தி, ஆட்டு எருவும் சரளையும் கலந்து, முழங்கால் உயரத்துக்கு அகலமாக ஒரு மேடு கட்டி, அதன் உச்சியில் செடியை வைத்தேன். மழைத் தண்ணீர் வழிந்து ஓட ஒரு வாய்க்காலும் இழுத்தேன். சுற்றிச் சீமைக் கருவேல முள்.

எரு கொடுத்தவர் எங்கள் காட்டில் ராத்திரி ஆடுகளை அடைத்துக் கிடை போடும் ஆட்டுக்கார அண்ணாச்சி. சுற்றிலும் வேலி போட்ட பிறகு அவருடைய ஆடுகள் கண்மாய்ப் பக்கம் போக என் காடு ஒன்றுதான் வழி. எனவே அந்தச் செடி காய்க்க வேண்டும் என்று என்னைவிட அவருக்குத்தான் அக்கறை. ஒரு நாள் இலையைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, "பால் வருது டீச்சரம்மா. இது இலுப்பைக்குச் சொந்தக்காரனால்லா இருக்கும்," என்றார். சப்போட்டா, இலுப்பை, இது எல்லாம் ஒரே குடும்பம்தான் என்று பிறகு செடிக்காரரும் சொன்னார். பன்னிரண்டாம் வகுப்பில் தாவரவியல் படித்த எனக்கு அது தோன்றவில்லை.

மேட்டுச் செடி நன்றாகத்தான் வந்தது. தளிர்கூட விட்டது. பிறகு, ஒரு மழையும் பெய்யாத மாசியில், இலைகள் மஞ்சளாகத் தொடங்கின. தொட்டுப் பார்த்தால் மேடு சொதசொதவென்று இருந்தது. எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே போய்க் குடையை விரித்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தேன்.

களை எடுக்கப் போன பெண்கள் வந்தார்கள். ஒருத்தி தூக்குவாளியில் மிஞ்சியிருந்த தண்ணீரை முள்ளுக்கு மேலாகச் சாய்த்துவிட்டுப் போனாள். அடுத்தவளும் அப்படியே செய்தாள். சோலார் தகடு துடைக்க வந்தவர்கள் வேனை நிறுத்தி, பாட்டில்களைக் கவிழ்த்தார்கள். கடைசியாக அண்ணாச்சி ஆடுகளோடு வந்து, தோளில் கிடந்த கேனில் பாதியை நிதானமாக ஊற்றினார்.

எங்கள் ஊரில் மிச்சத் தண்ணீரைச் சும்மா தரையில் கொட்ட மாட்டார்கள். ஒரு செடியின் வேரில்தான் ஊற்றுவார்கள். நல்ல பழக்கம்தான், எனக்கும் உண்டு. ஆனால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை செடி என்று இருந்தது என்னுடையது ஒன்றுதான். ஊர் மொத்தத்தின் புண்ணியமும் அதன் தலையில் இறங்கிக்கொண்டிருந்தது.

இரும்புக் கடையிலிருந்து ஒரு தகரம் கொண்டுவந்து, சிவப்பு பெயின்டில், "தயவுசெய்து தண்ணீர் ஊற்றாதீர்கள்" என்று எழுதி மாட்டினேன். என் வாழ்க்கையில் நான் செய்த மகா முட்டாள்தனங்களில் அது ஒன்று. பச்சை மரத்துக்குத் தண்ணீர் ஊற்றாதே என்று எழுதிவைத்த பாவி யார் என்று பார்க்கவே ஆட்கள் வந்தார்கள். வந்தவர்கள் மனசு கேட்காமல் ஒரு கை கூடவே ஊற்றினார்கள். "பிள்ளையளுக்கு இவ என்னத்தச் சொல்லிக் கொடுப்பா," என்று களை எடுக்கிற பெண் ஒருத்தி என் காதுபடவே சொல்லிவிட்டுப் போனாள்.

அண்ணாச்சியிடம் நேராகவே கேட்டேன். "அண்ணாச்சி, போர்டப் பாக்கலியா?"

"பாத்தேன் தாயி. ஆனா எனக்குத்தான் படிக்கத் தெரியாதே. தெரியாம ஊத்துனா பாவம் இல்லலா?"

தினமும் டீக்கடையில் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை சத்தமாக வாசிப்பவர் அவர்.

கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது. போர்டைக் கழற்றினேன். ஒரு பிளாஸ்டிக் பீப்பாயைப் பாதியாக வெட்டி, மேட்டிலிருந்து பத்தடி தள்ளி வைத்து, "ஆடு குடிக்க" என்று மட்டும் எழுதினேன். மறுநாளிலிருந்து எல்லாருடைய மிச்சத் தண்ணீரும் பீப்பாய்க்குப் போனது, ஆடுகள் குடித்தன. செடியின் மஞ்சள் மெல்ல மெல்லத் தெளிந்தது. மனிதர்களைத் தடுத்துப் பயன் இல்லை, கையைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பிவிட்டால் போதும் என்பதை வகுப்பறையில் இருபத்தைந்து வருஷமாக நான் செய்கிறேன். காட்டில் மட்டும் எப்படியோ மறந்துவிட்டேன்.

கோடை வந்ததும் கரிசல் அடுத்த வேலையைக் காட்டியது. மேட்டைச் சுற்றி வெடிப்பு விட்டு, உள்ளே வேர் அறுபட ஆரம்பித்தது. அண்ணாச்சி சொன்னபடி வெடிப்பில் எல்லாம் மண்ணைக் கொத்திப் போட்டு மூடி, மேலே பருத்திமாரை, அதாவது காய்ந்த பருத்திக் குச்சிகளை, பரப்பினேன். சித்திரை, வைகாசியில் மட்டும் ஸ்கூட்டரில் ஒரு கேன் தண்ணீர், வாரம் ஒரு முறை. இதுதான் மொத்த வைத்தியமும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு செடியின் உயிரும் இரண்டு வருஷமும் குடும்பக் குழுவில் இருந்த மானமும் செலவாகின.

மூன்றாம் வருஷம் மரம் என் தலை உயரம் வளர்ந்தது. இலைக் கக்கத்தில் குண்டுமணி அளவுக்குப் பூக்கள் வந்து, ஒன்றுகூட நிற்காமல் உதிர்ந்தன. சித்திரையில் அண்ணன் வந்தான். நான் காபி கொடுத்தேன். அவன் காகிதத்தை எடுத்து வைத்துவிட்டு, "ஒன் மரம் நல்லா நிழல் குடுக்காம்லா. கையெழுத்த அதுக்கடியில ஒக்காந்து போடுதியா?" என்றான். இன்னும் ஒரு வருஷம் என்று கேட்டேன். கேட்க எனக்குக் கூசியது. என் நிலத்தை என்னிடம் வைத்துக்கொள்ள நான் தவணை கேட்டுக்கொண்டிருந்தேன்.

"கடேசித் தவணை," என்றான்.

அடுத்த மார்கழிப் பூவில் ஐந்து பிஞ்சு நின்றது. அந்த ஐந்தையும் நான் எண்ணிய மாதிரி பரீட்சைத் தாள்களைக்கூட எண்ணியதில்லை. மாங்காய் மாதிரி மரத்திலேயே கனியட்டும் என்று விட்டதில் முதல் காய் மஞ்சளாகி, வெடித்து, விழுந்தது. இரண்டாவதை மயில் கொத்தியது. அலறி அடித்துச் செடிக்காரருக்குப் போன் செய்தேன். "மரத்துல கனியவிட்டா வெடிக்கத்தான் செய்யும். தோலு மஞ்சளாகி, காய் கல்லு மாதிரி இருக்கும்போதே பறிச்சிரணும். நகத்தால லேசாக் கீறுங்க, உள்ள பச்சை தெரியலன்னா பறிக்கலாம்," என்றார். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்றேன். "நீங்க கேக்கலியேம்மா."

மிச்சம் மூன்று காய்களுக்கும் வீட்டுக்காரரின் பழைய பனியன்களைக் கிழித்து முடிந்துவிட்டேன். தூரத்திலிருந்து பார்த்தால் மரத்தில் துணி துவைத்துக் காயப் போட்டது மாதிரி இருந்தது. அவர் அதைப் பார்த்தார். வீட்டுக்கு வந்து, போட்டிருந்த பனியனைக் கழற்றிப் பீரோவில் வைத்துப் பூட்டினார்.

சித்திரை பிறந்ததும் மூன்றையும் பறித்து அரிசி டிரம்மில் ஒரு வாரம் புதைத்து வைத்தேன். கையால் அழுத்தினால் அமுங்கியது. அண்ணன் வழக்கம்போலக் காகிதத்தோடு வந்தான். தட்டில் வைத்து நீட்டினேன்.

"கடையில வாங்கி வச்சிருக்கியோ?"

"வா, மரத்தக் காட்டுதேன்."

மூன்று பேரும் காட்டுக்குப் போனோம். டிபன் டப்பாவில் பழம், வீட்டுக்காரர் கையில் தண்ணீர் பாட்டில். அண்ணன் மரத்தைச் சுற்றி வந்தான். காம்பு முறிந்த இடத்தில் பால் காய்ந்து கறுத்திருந்ததைத் தொட்டுப் பார்த்தான். அப்படியே மேட்டு ஓரத்தில் உட்கார்ந்து கையை நீட்டினான்.

ஒரு முழுப் பழத்தையும் தின்றான். மென்றான், மென்றான், விழுங்க முடியாமல் கண் பிதுங்கியது. வீட்டுக்காரர் பாட்டிலைக் கொடுக்க, பாதியைக் குடித்துவிட்டு மூச்சு விட்டான்.

"அவிச்ச முட்டையில சீனியத் தொட்டுத் தின்ன மாதிரி இருக்கு. இதுக்கா நாலு வருசம்?"

"நல்லா இருக்கணும்னு பேச்சு இல்லையே அண்ணே. வெளையணும்னுதான பேச்சு."

அவன் காகிதத்தை எடுத்து, நான்காக மடித்து, எட்டாகக் கிழித்து, சட்டைப் பைக்குள்ளேயே போட்டுக்கொண்டான். வாக்கு மாறாதவன்தான். எனக்கு எட்டூருக்குக் கேட்கும்படி சிரிக்க வேண்டும் போல இருந்தது. கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு மறுமொழியாக மூன்றரை வருஷமாக நான் எழுதி எழுதித் திருத்தி வைத்திருந்த வாக்கியங்கள் வாய் வரை வந்து நின்றன.

அப்போது அவன் கையில் இருந்த கொட்டையைக் கழுவினான். பளபளவென்று, பழுப்பு நிறத்தில், சப்போட்டாக் கொட்டையைவிடப் பெரிது. உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தான்.

"போட்டா மொளைக்குமா?"

"மொளைக்கும். ஆனா காயவிடக் கூடாது. ரெண்டு மூணு நாளுக்குள்ள ஊனிரணும்."

அவன் தலையாட்டினான். பிறகு எழுந்து மேற்கே வேலி வரை நடந்து போனான். கம்பிக்கு அந்தப் பக்கம் அவனுடைய காடு. தகடுகளுக்கு அடியில் புல்லைக்கூட முளைக்க விடாமல் வைத்திருந்தார்கள். உள்ளே போக வேண்டுமென்றால் அவனும் வாசலில் காவல்காரரிடம் சொல்லி, நோட்டில் எழுதித்தான் போக வேண்டும். ஊரில் அவன் வீட்டு முற்றமோ சுவரிலிருந்து சுவர் வரை டைல்ஸ். அதை அவனே ஆசை ஆசையாகப் பதித்தான். ஈரக் கொட்டையை மூடிய கையோடு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான்.

திரும்பி வந்தபோது முகத்தை என் பக்கம் காட்டவில்லை.

"இங்கன ஒரு ஓரமா வச்சுக்கிடட்டுமாட்டி?"

எழுதித் திருத்திய வாக்கியங்களில் ஒன்றுகூட எனக்கு வரவில்லை. பாட்டிலில் மிச்சம் இருந்த தண்ணீரை வாங்கிக் குடித்தேன். பழத்தின் மேல் பழி போட வழியில்லை, நான் அன்றைக்கு ஒரு வாய்கூடத் தின்னவில்லை. ஜெயித்துவிட்டேன் என்பது நன்றாகத் தெரிந்தது. ஜெயித்தது இவனையா என்று நினைத்தபோது அழுகை வந்தது.

"எங்கன வேணும்னாலும் வச்சுக்கோ அண்ணே. காடு பூராக் கெடக்கு."

அவன் இடத்தைத் தேடவே இல்லை. மேற்கு வேலியை ஒட்டி, கம்பியிலிருந்து ஒரு முழம் விட்டுக் குனிந்து, கையாலேயே மண்ணை அள்ளிக் கூட்ட ஆரம்பித்தான்.

"இங்கனயே வச்சிருதேன். தண்ணி ஊத்த வரும்போது நம்ம காட்டையும் ஒரு தடவ பாத்துக்கிடலாம்," என்றான்.

நம்ம காடு என்று அவன் சொன்னது, வேலிக்கு அந்தப் பக்கம் இருந்ததை.